மாமன் பேரில் ஏழு வண்டி

லிஃப்ட் கதவு திறந்ததும் லொசலீன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். உள்ளேயிருந்து வந்தது நாத்தனார் மெலெசெய்னி. சாவு வீட்டுக்கும் பெரிய ஆராதனைக்கும் கட்டுகிற அகலமான பாயை இடுப்பில் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. ஏதோ விசேஷ வீட்டுக்கு வருகிறவள் மாதிரி, அந்த விசாரணை ஆபீஸ் நடையில் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

“என்ன லொசலீன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் தம்பியக் கோர்ட்டுக்கு இழுத்திருக்காங்கன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?”

“கோர்ட்டெல்லாம் இல்லீங்க அண்ணி. கார் சம்பந்தமா சும்மா ஒரு விசாரணை. உங்கள எதுக்கு அலைய விடணும்னுதான்...”

“அலைஞ்சா தேஞ்சா போயிருவேன்? இந்தா, இதைப் புடி. அவன் காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்டான்.”

அவன் என்று அவள் சொன்ன தம்பி ஹவீலி, லொசலீனின் கணவன், அக்காவைப் பார்த்த மறுகணமே எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு நடையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். டோங்கா தீவுக்காரர் வீடுகளில் வளர்ந்த ஆண்பிள்ளை அப்படித்தான் நிற்பான். அக்கா இருக்கிற இடத்தில் குரலை உயர்த்த மாட்டான், கேலி பேச மாட்டான், அவளுக்குத் தலைகுனிவு தருகிற ஒரு சொல்லை வாயிலிருந்து விட மாட்டான். லொசலீனும் அதே மரியாதையில் வளர்ந்தவள்தான். ஆனால் இன்றைக்கு மட்டும் அந்த மரியாதை தன் குடும்பத்தின் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போலிருந்தது அவளுக்கு.

ஏனென்றால் இன்று அந்த அறைக்குள் ஹவீலி ஒரே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் பேரில் விற்ற கார்கள் என்னுடையவை இல்லை, அக்கா மகன் கெபுவேலியுடையவை, விற்றதில் எனக்கு ஒரு காசும் வரவில்லை என்று. சொன்னால் தப்பித்தான். சொல்லாவிட்டால் பதிவில்லாமல் கார் வியாபாரம் செய்தவன் என்று முடிவாகிவிடும். அப்படி ஒரு பெயர் வாங்கியவன் கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்ஸை யார் கொடுத்து வைப்பார்கள்? அந்த பஸ்தான் வீட்டுக்குச் சோறு. சோற்றைவிடப் பெரிதாக, ஹவீலி சந்தோஷமாக இருக்கிற ஒரே இடம் அது. அவர்கள் குடியிருக்கும் மாங்கரேயில் பாதிப் பிள்ளைகளுக்கு அவன் பஸ் மாமா.

காலையில் வரும்போது, சிக்னலில் நின்ற இடத்தில், “சரி, சொல்லிடுறேன்” என்று முனகியிருந்தான். அந்த ஒரு முனகலை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போது அக்கா வந்து நிற்கிறாள். இனி எங்கே வாயைத் திறப்பான்?

மெலெசெய்னியைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. உரிமைக்காரி, அவ்வளவுதான். டோங்கா வழக்கப்படி, தம்பி வீட்டில் எது அவள் கண்ணுக்குப் பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் பிள்ளைகளும் தாய்மாமனிடம் கேட்காமலே எடுக்கலாம். லொசலீன் கல்யாணத்துக்குச் சீராக வந்த பாய்களில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். மூத்தவள் பிறந்தபோது வந்த போர்வைகள், ஹவீலியின் அப்பா சாவுக்கு வந்த மரப்பட்டைத் துணி, ஒரு தடவை தோட்டத்தில் கட்டியிருந்த பன்றி, எல்லாம் அவள் வழியே போயின. ஒவ்வொரு தடவையும் லொசலீன் சிரித்த முகத்தோடு சுருட்டிக் கட்டிக் கொடுத்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அவள் அம்மா டோங்காவின் வவாவுத் தீவில் இருந்து அனுப்பிய மெல்லிய வெள்ளைப் பாய். நாத்தனார் கார் சத்தம் கேட்டால் அது மடிந்து மெத்தைக்கு அடியில் போய்விடும். இதில் அவளுக்கு வெட்கமும் உண்டு, ஒரு திருட்டுச் சந்தோஷமும் உண்டு.

கெபுவேலி கார் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தது போன வருஷம். ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துத் திடீரென்று கிளம்புகிற குடும்பங்கள் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகும். அதை வாங்கி, கழுவித் துடைத்து, மாமா வீட்டு வாசல் புல்லில் நிறுத்தி, கண்ணாடியில் விற்பனைக்கு என்று அட்டை வைத்துவிடுவான். சாவி அடுப்பங்கரை ஆணியில் தொங்கும். “மாமா, உங்க பேர்ல எழுதிக்கிறேன்” என்றான். ஹவீலி கையெழுத்துப் போட்டான். யாராவது வந்து பார்த்தால் காட்டச் சொன்னான். காட்டினான். அக்கா மகன் கேட்டால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

மாரிசெல் என்ற பெண் வாங்கிய நீலக் கார் பதினோராம் நாளே நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. அவள் புகார் கொடுத்தாள், விசாரணைக் கடிதம் வீட்டுக்கு வந்தது. லொசலீன் அதை எடுத்துக்கொண்டு கெபுவேலியிடம் போனாள். அவன் சிரித்தான்.

“பயப்படாதீங்க அத்தை. வருஷத்துக்கு ஆறு வண்டி வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல போனாத்தான் வியாபாரிம்பாங்க. என் பேர்ல ஆறு முடிஞ்சிருச்சு. அதான் மாமா பேர்ல ஆரம்பிச்சேன். அதையும் ஆறோட நிறுத்தியிருக்கணும், ஒண்ணு கூடிப்போச்சு. நம்ம நேரம்.”

“நம்ம நேரமா? உன் நேரமா?”

“வீட்டு வண்டின்னு சொல்லச் சொல்லுங்க அத்தை. அந்தப் பொண்ணு அலுத்துப்போய் விட்டுரும்.”

இதை அப்படியே வந்து ஹவீலியிடம் சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று. ஒரே வார்த்தைதான் சொன்னான். “அக்கா காதுக்கு இது போகக் கூடாது.”

இப்போது அந்த அக்கா அறைக்குள் பின்வரிசையில், மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், விசாரித்து முடிவு சொல்கிற ஹார்டிங் என்ற நரைத்த தலை அம்மா. அவர் பக்கத்தில் கார் தொழில் தெரிந்த ஒருவர். இந்தப் பக்கம் ஹவீலி, அவன் அருகில் லொசலீன். சற்றுத் தள்ளி மாரிசெல், முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

“அந்த அண்ணன் நல்லவர் மாதிரிதான் இருந்தாரு,” என்றாள் மாரிசெல். “கிளம்பும்போது தோட்டத்துச் சேப்பங்கீரை ஒரு கட்டு குடுத்து அனுப்புனாரு. யாரு வண்டின்னு கேட்டேன். என்னுதுதான்னாரு. சொந்த வண்டின்னா பார்த்து வெச்சிருப்பாருன்னு நம்பி வாங்குனேன். விடிகாலை நாலு மணி ஷிப்டுக்கு எனக்கு பஸ் கிடையாது. இப்ப ரெண்டு மாசமா ஆளாளுக்குக் கெஞ்சி ஏறிப் போய்ட்டிருக்கேன். அவரைத் திட்டணும்னு வரல. எனக்கு வேற வழி தெரியல.”

ஹவீலி அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் சொன்னது அத்தனையும் சரி என்பது போல.

ஹார்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “விஷயம் இதுதான் ஹவீலி. ஒரு ஆள் தன் சொந்தக் காரை வித்தா ஒரு சட்டம், வியாபாரி வித்தா ஒரு சட்டம். சொந்தக் கார்னா, பார்த்து வாங்க வேண்டியது வாங்குறவங்க பொறுப்பு. வியாபாரின்னா, வண்டி ஒழுங்கா ஓடணும், இல்லேன்னா திருப்பி எடுத்துக்கணும். பெயர்ப்பலகை வெச்சாத்தான் வியாபாரின்னு இல்ல. ஒரு வருஷத்துல ஆறுக்கு மேல வித்தா வியாபாரின்னுதான் எடுத்துக்குவோம். உங்க பேர்ல ஏழு போயிருக்கு. லாபத்துக்காக விக்கலைன்னு நீங்கதான் காட்டணும். புரியுதா?”

“புரியுதுங்கம்மா.”

“இந்த நீலக் கார் யாருது?”

பின்னால் டப்பா மூடி லேசாகக் கிறீச்சிட்டது.

“என்னுதுதாங்க.”

“நீங்க ஓட்டுனீங்களா?”

“இல்லீங்க.”

“உங்க வீட்டம்மா?”

“இல்லீங்க.”

“யாருமே ஓட்டாத காரை எதுக்கு வாங்குனீங்க?”

ஹவீலி உள்ளங்கைக் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அதுக்கு முன்னால போன வெள்ளை வேன்?”

“அதுவும் என்னுதுதான்.”

“வித்த பணம் எங்க போச்சு?”

ஹவீலியின் கழுத்தில் வியர்வை இறங்கியது. லொசலீன் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். கல்லாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, உண்மையைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷனைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வாங்க,” என்றார் ஹார்டிங். குரலில் கடுமை இல்லை. “வந்த பிறகும் பதில் இல்லேன்னா, கையில இருக்கிறதை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்.”

நடைக்கு வந்ததும் ஹவீலி மறுபடியும் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டான். மெலெசெய்னி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“என்ன பொம்பள அவ, இப்படிக் குடையுறா? என்னுதுன்னு சொன்னா விட வேண்டியதுதானே? ஏழு காரு அவனுக்கு எங்கேருந்து வந்துச்சு? கெபுவேலிதான் சினேகிதனுங்க வண்டியெல்லாம் அங்க நிறுத்துறேன்னான். அதுல ஒண்ணு ரெண்டை இவன் வித்துக் குடுத்தானோ?”

அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. தம்பிக்குக் காவல் நிற்க வந்தவளாகத்தான் வந்திருக்கிறாள், மகனுக்குக் காவலாக இல்லை. லொசலீனுக்கு இது அப்போதுதான் உறைத்தது. கணவன் சொன்ன வார்த்தை ஒரு பக்கம். இந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு நாத்தனார் முன்னால் இருக்கிற இடம் ஒரு பக்கம். இரண்டையும் தள்ளிவிட்டு, அவள் மடியிலிருந்த விசாரணைக் கடிதத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு பாயைக் கொடுப்பது போலவே, நாத்தனார் முன்னால் குனிந்து நீட்டினாள்.

“அண்ணி, உங்க தம்பிகிட்ட இருக்கிறதுல எது வேணும்னாலும் எடுக்குற உரிமை உங்களுக்கு உண்டு. நான் வந்த நாள்லேர்ந்து ஒரு நாளாச்சும் குறுக்க நின்னிருக்கேனா? பாயி போச்சு, போர்வை போச்சு, பன்னி போச்சு. சந்தோஷமாத்தான் குடுத்தேன். இன்னிக்கு அவர்கிட்ட மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துக்குங்க.”

“என்னடி பேசுற நீ?”

“ஏழும் கெபுவேலி வண்டி அண்ணி. அவன் பேர்ல ஆறு வித்தாச்சு, ஆறுக்கு மேல போனா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சுதான் மாமன் பேர்ல ஆரம்பிச்சிருக்கான். தெரியாம செஞ்சிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்.”

“ஆறுன்னு அவனே சொன்னானா?”

“அவனே சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.”

மெலெசெய்னி கடிதத்தைத் தொடவில்லை. டப்பாவை மூடினாள். பெஞ்சில் வைத்தாள். இடுப்புப் பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் போய் லிஃப்டுக்குள் நின்றாள். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கோடியிலிருந்து ஹவீலி ஓட்டமாக வந்தான். “அக்காகிட்ட என்ன சொன்ன?”

லொசலீன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“என்ன சொன்னேன்னு கேக்குறேன். கோவிச்சுக்கிட்டுப் போறாங்க!”

“எடுத்துக்கச் சொன்னேன்.”

அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கை ஓங்குகிற ஆள் இல்லை ஹவீலி. அன்று அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது, அந்தப் பார்வை அப்படி இருந்தது. விடுவிடுவென்று அறைக்குள் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

உட்காரக்கூட இல்லை அவன். “அம்மா, எழுதிக்குங்க. எல்லா வண்டியும் என்னுதுதான். நான்தான் வித்தேன். எல்லாம் நான்தான்.”

“லாபத்துக்காகவா?”

“நீங்க என்ன எழுதுனாலும் சரிங்கம்மா.”

“யோசிச்சுச் சொல்லுங்க ஹவீலி. இதோட பின்விளைவு இந்தக் காரோட முடியாது.”

“யோசிச்சுட்டேன்.”

ஹார்டிங் பேனாவை எடுத்தார். மாரிசெல்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று லொசலீன் உள்ளுக்குள் அலறினாள். பேசாமல் இருந்திருந்தாலாவது கொஞ்சம் வழி இருந்திருக்குமோ, தானே பிடித்துத் தள்ளிவிட்டோமோ என்று அவளுக்குப் பதறியது.

கதவு தட்டாமலே திறந்தது. மெலெசெய்னிதான். அவள் கைப்பிடியில் மகன் கெபுவேலியின் மணிக்கட்டு இருந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில், அம்மாவை ஏற்றிப்போக, புதிதாகப் பிடித்த ஒரு சிவப்பு வண்டியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை அப்படியே இழுத்து வந்திருந்தாள்.

“அம்மா, என் தம்பிய இனிமே ஒண்ணும் கேக்காதீங்க,” என்றாள் ஹார்டிங்கிடம். மூச்சு வாங்கியது. “நான் இருக்கிற எடத்துல அவன் என் பிள்ளையப் பத்தி ஒரு சொல்லு சொல்ல மாட்டான். உசிரே போனாலும் சொல்ல மாட்டான். நாங்க வளந்த விதம் அப்படி. அவன் சொன்னதை எழுதாதீங்க.”

“நீங்க யாரு?”

“அவன் அக்கா. அவன்கிட்ட இருக்கிறது எதுவா இருந்தாலும் எடுக்குற உரிமை எனக்கு உண்டு. இந்தக் கேஸையும் நான் எடுத்துக்கிறேன்.” பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “சொல்லுடா.”

“அம்மா, இங்க வெச்சு எதுக்கு...”

“மாமன் சட்டைய எடுத்தே, கேக்கல. அவன் வாசலை எடுத்தே, கேக்கல. எல்லாம் உனக்கு உள்ளதுதான். பேரையும் எடுத்துக்கலாம்னு உனக்கு யாருடா சொன்னது? பேரு போனா அவன் எதைப் போட்டுக்கிட்டு வெளிய போவான்?”

கெபுவேலி மாமாவைப் பார்த்தான். ஹவீலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின. அத்தனை பெரிய உடம்பு சத்தமில்லாமல் அழுவதைக் கண்டதும் பையனின் முகத்திலிருந்த அலட்சியம் கழன்று விழுந்துவிட்டது.

“என் வண்டிங்கதான்,” என்றான். “வாங்குனதும் நான். காசு எடுத்ததும் நான். மாமாவுக்கு ஒண்ணும் குடுக்கல. மாமா கேக்கவும் இல்ல.”

அதற்குப் பிறகு ஹார்டிங் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான். போனைத் திறந்து வாங்கினது, விற்றது எல்லாம் காட்டினான். கெபுவேலியையும் வழக்கில் சேர்த்து, இன்னொரு நாள் வைத்து விசாரித்து, முடிவு எழுத்தில் வந்தது. வியாபாரி கெபுவேலி. காரை அவன் திருப்பி எடுத்துக்கொண்டு மாரிசெல்லுக்குப் பணம் தர வேண்டும். இனி விற்பதென்றால் முறையாகப் பதிவு செய்துகொண்டு விற்க வேண்டும். ஹவீலி பெயரை மட்டும் கொடுத்தவன், வியாபாரி இல்லை.

ஹவீலியின் பஸ் ஓடியது. ஆனால் வீட்டில் அவன் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான், கேட்டதற்குத் தலையாட்டினான், அவ்வளவுதான். அக்காவைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டாள் என்ற கோபம் அவனுக்கு ஆறவில்லை. லொசலீன் அதைப் பொறுத்துக்கொண்டாள். அக்கா இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்ற பயம்தான் அவளை அரித்தது. நாத்தனார் வராத வீடு என்று பெயர் எடுப்பதைவிடப் பாய் பறிபோவது எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கார் சத்தம் கேட்டது. ஹவீலி வழக்கம்போல எழுந்து பின்கட்டுக்குப் போனான். மெலெசெய்னி உள்ளே வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும் போல வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

லொசலீன் படுக்கையறைக்குப் போனாள். மெத்தையைத் தூக்கி அம்மாவின் வெள்ளைப் பாயை உருவி எடுத்து வந்து நாத்தனார் காலடியில் வைத்தாள்.

“எடுத்துக்குங்க அண்ணி.”

மெலெசெய்னி குனிந்து பாயின் ஓரத்தை விரலால் தடவினாள். “இது இங்க இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்.”

“தெரியுமா?”

“மூத்தவ பொறந்தப்போ போர்வை எடுக்க வந்தேன்ல, அப்பவே மெத்தை ஒரு பக்கமா மேடாத் தெரிஞ்சுது. உங்கம்மா கை வேலை. அதையெல்லாம் நான் எடுப்பேனா? என்ன பொம்பளன்னு நினைச்சே என்னைய?” பாயை அவள் பக்கமே தள்ளிவிட்டாள். “மடிச்சு வெக்காத. மடிப்புல உடைஞ்சிரும். சுருட்டி வை.”

லொசலீன் பாயை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தாள். மெலெசெய்னி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். கெபுவேலி வெளியே இன்னும் ஒரு வண்டியை விட்டு வைத்திருந்தான். அதன் சாவி ஆணியில் தொங்கியது. அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இன்னிக்கு இதை எடுத்துக்கிறேன்,” என்றாள். பிறகு பின்கட்டுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். “அவனை அந்த ஆணியையும் பிடுங்கிப் போடச் சொல்லு.”

கொஞ்ச நேரத்தில் ஹவீலி சுத்தியலோடு உள்ளே வந்தான். அக்காவைப் பார்க்காமல் சுவர்ப்பக்கமாகவே போய் ஆணியைப் பிடுங்கினான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, பல நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினான்.

“அக்காவுக்கு டீ போடலியா?”